கிராபிக்னு எழுதியிருக்காங்க

அந்தச் சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்பார்கள். பேருந்து நடுவழியில் நின்றுபோனதைக்கூட அவள் சொல்லிக் கேட்க வேண்டும். ஓட்டுநர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்ததிலிருந்து, பின் இருக்கைக்காரர் தூக்கத்தில் "இறங்குறேன், இறங்குறேன்" என்று எழுந்து நின்றதுவரை ஒன்றையும் விடமாட்டாள். அதே பேருந்தில் வந்தவர்களே, "அப்படியா நடந்துச்சு? நாங்க எங்க இருந்தோம்?" என்று கேட்பார்கள். "அவ சொல்றதுல பாதிய எடுத்துக்கோ. மீதி, அவளே வச்ச கண்ணு காது மூக்கு" என்று சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பதினாறு வருடமாக அந்தச் சிரிப்பு அவளை உறுத்தியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. சூப்பர்வைசர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மடிப்பு மேசைக்கு வந்தார். மருத்துவமனை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த ஆறு பெண்களும் நிமிர்ந்தார்கள்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. உன்ன வரச் சொல்லியிருக்காங்க" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "உன் வாக்குமூலத்த என்னன்னு போட்டிருக்காங்க தெரியுமா? கிராபிக்னு எழுதியிருக்காங்க."

கடிதத்தில் அந்த ஒரு ஆங்கிலச் சொல்லைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

"கிராபிக்ஸா?" என்றாள் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவள். "சினிமாவுல பாம்பு பறந்து வருமே, அதுவா?"

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். ரேடியோ மட்டும் கையிலிருந்த விரிப்பை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மூலைகள் சேரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அங்கே ஒரு விபத்து நடந்திருந்தது. துவைத்துப் பிழிந்த விரிப்புகளை இஸ்திரி போட அங்கே ஒரு பெரிய ரோலர் உண்டு. ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு, உள்ளே நெருப்பாகக் கொதிக்கும். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து விரிப்பைக் கொடுப்பார்கள், அது இழுத்துக்கொள்ளும். அன்று இடது மூலையைப் பிடித்திருந்தவள் ரேடியோ. வலது மூலையில், எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடும் பெண். இருபத்துநாலு வயது. நாலு வருடமாக ரேடியோவுக்கு ஜோடி. அந்த ஒல்லியின் வலது கைதான் ரோலருக்குள் போனது. மூன்று விரல்கள் போய்விட்டன.

பார்த்தது நீ ஒருத்திதான், நடந்ததை எழுதிக் கொடு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ரேடியோ நாலு பக்கம் எழுதினாள். தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில்தான் போக வேண்டும் என்பதால், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் கொடுத்து மாற்றி அனுப்பியிருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு துளி உப்பும் மிளகும் சேர்க்காமல் அவள் சொன்ன விஷயம் அது. அதைப் போய்க் கிராபிக்ஸ் என்கிறார்களே!

கடிதத்தின் இரண்டு தாள்களையும் மேலங்கிப் பையில் திணித்துக்கொண்டாள். அன்று முழுக்க அவள் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. மடித்து வைத்த அடுக்கைக் கலைத்து எண்ணினாள். தண்ணீர் குடிக்கப் போய், குடிக்காமல் திரும்பி வந்தாள். ரோலர் இருந்த பக்கம் மூன்று வாரமாகத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். விரிப்புகளை வெளியே ஓரிடத்துக்கு அனுப்பி இஸ்திரி போட்டு வாங்கினார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தவள், அன்று நாலைந்து தடவை பார்த்துவிட்டாள்.

வீட்டில் மகள் கைபேசியில் தட்டிப் பார்த்தாள். பத்தாவது படிக்கிறவள். "வரைகலை சார்ந்தன்னு வருதும்மா. படம் எதுவும் வரைஞ்சு அனுப்பினியா?"

"படமா? நானா? ஸ்கேல் வச்சுப் போட்டாக்கூடக் கோடு நேரா வராது எனக்கு."

கணவர் பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பவர். வாயில் இரண்டு குண்டூசி கவ்விக்கொண்டு தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஊசிகளை எடுத்துவிட்டுச் சொன்னார்: "டிவி செய்தியில போடுவாங்களே, அடுத்து வர்ற காட்சி கிராபிக்கா இருக்கும், குழந்தைங்கள அனுப்பிருங்கன்னு. அந்தச் சொல்லுதான். பார்க்கக் கூடாதத எழுதிட்டேன்னு சொல்றாங்க போல."

"பார்க்கக் கூடாததா? நான் என்னங்க அசிங்கமா எழுதினேன்?"

"அசிங்கம்னு நான் சொல்லல. ஏதாவது கொஞ்சம் கூடக்குறைய எழுதிட்டியோ?"

"நீங்களுமா?"

"இந்தா பாரு, நான் கேள்விதான் கேட்டேன். இல்லன்னா இல்லன்னு சொல்லு, விட்டுடறேன்."

அவள் அலமாரியைத் திறந்து, ஒழுங்காக இருந்த துண்டுகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு மறுபடி அடுக்கினாள். ஒரு சொல், மூன்று அர்த்தம். பொய், படம், ஆபாசம். எதுவானாலும் பழி அவள்மேல்தான். அதோடு உள்ளே இன்னொன்றும் கிடந்தது. அது இந்தச் சொல்லால் வந்ததில்லை. மூன்று வாரமாக இருப்பது. அதை அவள் எட்டிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மணி அடித்ததும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு நடந்தாள். படியேறும்போதே வார்த்தைகளை வரிசைப்படுத்தினாள்: மேடம், நீங்க தப்பா மாத்திட்டீங்க, எனக்குக் கெட்ட பேரு வந்துடுச்சு.

அங்கே ஒரே ஓர் அம்மாதான். இவள் வயதுதான் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், மணவிலக்குத் தீர்ப்பு, மருத்துவ அறிக்கை என்று மேசை நிறையத் தாள்கள். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார்.

"தலையில இருக்கு மேடம்" என்றாள் ரேடியோ.

"அட! நன்றி. வாங்க, உக்காருங்க. சலவைக்கூடம்தானே? நாலு பக்கம். மறக்க முடியுமா?" என்றவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். வட்டம் போட்ட இடத்துக்கு வந்ததும் சிரித்தார். "யாரு இந்த வட்டம் போட்டது?"

"சூப்பர்வைசர். நான் சொன்னதெல்லாம் கிராபிக்ஸாம். கண்கட்டு வித்தையாம்."

"அந்தக் கிராபிக்ஸ் வேற, இது வேற. இது ஒருத்தர் சொல்ற விதத்தப் பத்தின சொல்லு. கேக்கறவங்க கண்ணு முன்னால கொண்டுவந்து நிறுத்தற மாதிரி சொல்றது. வரைஞ்ச மாதிரி அச்சு அசலா. எழுதினவங்களுக்குக் கெட்டித்தனம் இருந்தாத்தான் அந்தச் சொல்ல வாங்க முடியும்."

ரேடியோவுக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்போ டிவியில சொல்றாங்களே? குழந்தைங்கள அனுப்புன்னு?"

"அதுவும் இதே சொல்லுதான். அதுக்கு ரெண்டு வேலை. 'எவ்வளவு கிராபிக்கா சொல்லிட்டார்'னா, அப்படியே பார்த்த மாதிரி இருந்துச்சுன்னு பாராட்டு. 'ரொம்ப கிராபிக்கா இருக்கு, பார்த்து'ன்னா, பார்க்க முடியாத அளவுக்குக் காட்டிட்டார்னு எச்சரிக்கை. ரத்தம், காயம், அந்தரங்கம், இதுக்கெல்லாம் சொல்வாங்க. பொய்னு மட்டும் எந்த இடத்துலயும் அர்த்தம் வராது. பொய்யா இருந்தா இந்தச் சொல்லப் போடவே தோணாது."

"இதுல எந்த வேலைக்குப் போட்டிருக்காங்க?"

"அத அந்தச் சொல்லுகிட்ட கேட்டா சொல்லாது. அக்கம்பக்கத்துல இருக்கற சொல்லத்தான் கேக்கணும்." அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெதுவாகத் தமிழில் படித்தார். "'தங்களுடைய தெளிவான, கண்முன் நிறுத்தும் விவரிப்புக்கு நன்றி.' வட்டம் போட்ட இடம் இதுதான். பக்கத்துலயே நன்றி இருக்கு, அதனால பாராட்டு. சரியா? ரெண்டாவது தாளப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. ஒரு சொல்லே ஒன்றரை நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"'மேற்படி விவரிப்பு கிராபிக்காக இருப்பதால், குழுவினரின் மனநலம் கருதி, இணைத்துள்ள சுருக்கத்தையே விசாரணைக்கு எடுத்துக்கொள்ள முன்மொழிகிறோம். திங்களன்று அதில் தாங்கள் கையெழுத்திட வேண்டும்.' சுருக்கத்தையும் படிக்கவா? மூணே வரிதான். 'பிற்பகல் மூன்று ஐம்பது மணியளவில் தொழிலாளியின் வலது கை இயந்திரத்துடன் தொடர்புக்கு உள்ளானது. கவனம் தவறியது காரணமாக இருக்கலாம். உடனடி முதலுதவி அளிக்கப்பட்டது.'"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"என் நாலு பக்கம் எங்க போச்சு?"

"அதுதான் கிராபிக் ஆச்சே" என்றார் அந்த அம்மா.

கீழே மருந்துக்கடையில் யாரோ பேரம் பேசும் சத்தம் கேட்டது. ரேடியோ சுருக்கத்தை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரோலரோட காவல் கம்பி இல்ல. கம்பியில இருந்த நாடா இல்ல. நாடாவே இல்லயே மேடம்!"

"இல்ல. நானும் அதத்தான் தேடினேன்." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும்னு அன்னிக்கே நினைச்சேன். என் வேலை மாத்தறது மட்டும்தான், அதனால கேக்கல. நாலு பக்கத்துலயும் யாரு என்ன செஞ்சாங்கன்னு தெளிவா எழுதியிருக்கீங்க. மெக்கானிக் எந்தக் கையில ஸ்பானர் வச்சிருந்தாருன்னுகூட இருக்கு. ஒரே ஒரு இடத்துல மட்டும் ஆளே இல்ல. 'கம்பியில நாடா கட்டியிருந்துச்சு.' யாரு கட்டினாங்க? நீங்க எழுதல, அதனால நானும் எழுதல."

ரேடியோ எழுந்துவிட்டாள். "எனக்கு நேரமாச்சு மேடம்" என்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் முட்டியது.

தெருவில் எந்தப் பக்கம் நடக்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் நடந்தாள். எந்தக் கடையின் முன்னாலும் நிற்கவில்லை. நின்றால் அந்த நினைப்பு பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. எப்படியும் பிடித்துக்கொண்டது.

ரோலருக்கு முன்னால், விரல் போகிற உயரத்தில், நீளமாக ஒரு காவல் கம்பி உண்டு. கை பட்டால் கம்பி உள்ளே சாயும், ரோலர் உடனே நின்றுவிடும். அதன் ஸ்பிரிங் நாலு மாதமாகத் தளர்ந்திருந்தது. தடித்த ஓரம் பட்டால்கூட ரோலர் நின்றது. ஒரு ஷிப்டில் எட்டுத் தடவை, பத்துத் தடவை. நிற்கும்போதெல்லாம் ஒரு விரிப்பு உள்ளே கருகும். மெக்கானிக் புது ஸ்பிரிங் கேட்டு மூன்று முறை சீட்டு எழுதிக் கொடுத்தார், வரவில்லை. ஒருநாள் சூப்பர்வைசர் பொறுமை இழந்து, "யாராவது அந்தக் கம்பிய அடக்குங்கப்பா!" என்று கத்தினார். கட்டு என்று சொல்லவில்லை. அடக்கு என்றுதான் சொன்னார்.

ரேடியோதான் கழித்துப்போட்ட விரிப்பிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு நாடா கிழித்தாள். கம்பியை முன்னால் இழுத்துச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினாள். இரண்டு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு. சூப்பர்வைசர் வந்து பார்த்து, "பலே!" என்றார். அன்று ரோலர் ஒருமுறைகூட நிற்கவில்லை. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பதினெட்டு நாள் கழித்து ஒல்லியின் கை போனபோதும் அது நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவரிடம் சொன்னாள். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவர் தையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

"இப்ப யாருக்கும் தெரியாதுல்ல?" என்றார்.

"சூப்பர்வைசருக்குத் தெரியும். அவர் சொல்லமாட்டார். சொன்னா அவரும் மாட்டுவார்."

"அப்போ சும்மா இருந்தா இருக்கலாம்."

"இருக்கலாம்."

"உன்னால இருக்க முடியுமா?"

"இந்த மூணு வாரமா இருக்கறது இருப்பா? நீங்களே சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. ஆபீஸ்காரன் வாயால அவ கேக்கக் கூடாது" என்றார்.

ஒல்லி அண்ணன் வீட்டில் இருந்தாள். மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அண்ணி, "வாங்கக்கா. யாருகிட்டயும் பேச மாட்டேங்கறா. நீங்க வந்தா பேசுவா" என்று வழிவிட்டாள். அந்த வார்த்தை ரேடியோவைச் சுருக்கென்று குத்தியது.

ஒல்லி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை ஒரு தலையணைமேல் இருந்தது. முகம் இன்னும் இளைத்திருந்தது.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்று அவளே தொடங்கினாள். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா. மூலையப் பிடிச்சது தெரியுது. அப்புறம் ஆஸ்பத்திரி. நடுவுல வெறும் இருட்டு. எல்லாரும் பராக்குப் பார்த்திருப்பன்னு சொல்றாங்க. அண்ணன்கூடச் சொல்லுது. நான் பராக்குப் பார்த்தேனா?"

"இல்ல."

"சும்மா எனக்காகச் சொல்லாத. நீ எழுதிக் குடுத்தியாமே, அதப் படிச்சுக் காட்டு."

தமிழில் எழுதிய நகல் ரேடியோவின் பையில் இருந்தது. எடுத்துப் பிரித்துப் படிக்கத் தொடங்கினாள்.

"நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்துச்சு. அது அன்னிக்கு நூத்திப் பன்னெண்டாவது விரிப்பு. சரியாப் பிழியாம அவ பக்கத்து ஓரம் ஈரமா இருந்துச்சு. ஈரமான ஓரம் தானா சுருண்டுச்சு. சுருக்கத்தோட போனா திரும்பத் துவைக்கணும். அதனால அவ ஆள்காட்டி விரலால சுருக்கத்த நீவி விட்டா. எப்பவும் செய்யறதுதான். நானும் செய்வேன். அவ கண்ணு துணி மேல இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல. கம்பியில நாடா கட்டியிருந்துச்சு. கம்பி சாயல. விரல் உள்ள போனப்ப அவ கத்தல. 'அக்கா, துணி போகுது'ன்னு சொன்னா. கை போகுதுன்னு அவளுக்குத் தெரியல. இடது கையால விரிப்பத்தான் இழுத்தா. சிவப்புப் பொத்தான் மடிப்பு மேசைப் பக்கம் இருக்கு. நான் ஓடினேன். பதினோரு எட்டு வச்சேன். எட்டாவது எட்டு வைக்கறப்ப அவ கத்தினா."

அதற்கு மேலும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. ரத்தம், வாசனை, மெக்கானிக் ஓடிவந்து சட்டத்தைக் கழற்றியது. "போதுமா?" என்றாள் ரேடியோ.

"படி."

கடைசிவரை படித்தாள். ஒல்லி அழுதாள், ஆனால் முகத்தில் இறுக்கம் விட்டிருந்தது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நான் பராக்குப் பார்க்கல" என்றாள் ஒல்லி. "அண்ணி, கேட்டீங்களா? நான் துணியத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"கேட்டேன்டா."

"இத அண்ணனுக்கும் படிச்சுக் காட்டணும்." பிறகு ரேடியோவிடம் திரும்பினாள். "நாடாவ யாருக்கா கட்டினது? அந்த வாரம் நான் லீவுல இருந்தேன். திரும்பி வந்தப்பவே கட்டியிருந்துச்சு. நான் கேக்கவே இல்ல பாரேன். நிக்காம ஓடுதேன்னு சந்தோஷமா இருந்துட்டேன்."

"நான்தான்."

ஒல்லி அவளைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்பதுபோல உதடு கொஞ்சம் விரிந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"சூப்பர்வைசர் அடக்கச் சொன்னார். கட்டினது நான்தான். இந்தக் கையாலதான் முடிச்சுப் போட்டேன். எல்லாத்தையும் எழுதினேன், இத மட்டும் எழுதல. எழுதப் பயமா இருந்துச்சு."

அண்ணி உள்ளே வந்து ஒல்லியின் தோளைத் தொட்டாள்.  கீழே தெருவில் ஒரு வண்டி பின்னால் வரும்போது எழுப்பும் பீப் ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது.

"நீ போ" என்றாள் ஒல்லி.

"கண்ணு..."

"கூப்பிடாத அப்படி. போ. இங்க வந்து சொல்லிட்ட. நாளைக்கு அங்க சொல்றியான்னு பார்க்கிறேன். அந்தத் தாள வச்சுட்டுப் போ."

ரேடியோ நகலை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். மூன்று மாடியும் இறங்கியபின்தான், செருப்பை மேலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்ப ஏறவில்லை. வெறுங்காலோடு வீடு போனாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே தலைமை அலுவலகத்தில் இருந்தாள். காத்திருக்கச் சொன்ன அறையில் நாலு நாற்காலி இருந்தது. நாலிலும் மாறிமாறி உட்கார்ந்து பார்த்தாள். பத்தேகாலுக்குக் கூப்பிட்டார்கள்.

நீள மேசை. நடுவில் ஒரு பெரிய அம்மா, அவர்தான் குழுத் தலைவி. பக்கத்தில் குறிப்பெடுக்க ஓர் இளைஞர். ஜன்னல் ஓரமாகச் சலவைக்கூடத்து சூப்பர்வைசர், சவரம் செய்து, புதுச் சட்டை போட்டு. அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"உக்காருங்கம்மா" என்றார் தலைவி. "உங்க விவரிப்பப் படிச்சேன். எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. அவ்வளவு தத்ரூபமா எழுதியிருக்கீங்க. உண்மையிலேயே நல்லா எழுதறீங்க."

"நன்றிங்க மேடம்."

"அதனாலதான் எல்லார் கைக்கும் அதக் கொடுக்க வேண்டாம்னு முடிவு பண்ணோம். பாதிக்கப்பட்ட பொண்ணு மனசும் கஷ்டப்படும் இல்லயா? இந்தச் சுருக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்கள். அவள் தொடவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு நேத்து நான் முழுசாப் படிச்சுக் காட்டிட்டேன் மேடம். அவதான் படிக்கச் சொன்னா. இந்த மூணு வரியப் படிச்சாத்தான் அவ மனசு கஷ்டப்படும்."

தலைவியின் புருவம் உயர்ந்தது. சூப்பர்வைசர் குறுக்கிட்டார். "மேடம், இந்தம்மாவ நாங்க ரேடியோன்னுதான் கூப்பிடுவோம். ஒண்ணு நடந்தா ஒம்பதாச் சொல்றவங்க. தப்பான மனுஷி இல்ல, பழக்கம் அப்படி."

அங்கே அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று நாளாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றதுபோல் இருந்தது.

"சரிங்க. ஒம்பதுல எட்ட எடுத்துடலாம்" என்றாள். "ரத்தத்த எடுத்துடுங்க. வாசனைய எடுத்துடுங்க. அவ கத்தினது, நான் ஓடினது, எல்லாத்தையும் எடுத்துடுங்க மேடம். உங்களுக்குச் சாப்பாடு இறங்கட்டும். நாடாவ மட்டும் எடுக்காதீங்க. அதுல ரத்தமே இல்ல. பழைய விரிப்புல கிழிச்ச வெள்ளை நாடா, விரல் அகலம், மூணு முடிச்சு. அத எழுதினா யாருக்கும் பயமா இருக்காது."

இளைஞர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலைவியைப் பார்த்தார்.

"நாடா கட்டியிருந்ததுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்றார் தலைவி. "நாங்க வந்து பார்த்தப்ப அங்க எதுவும் இல்லயே?"

"மெக்கானிக் சட்டத்தக் கழட்டினப்ப அறுத்துட்டார். எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது." ரேடியோ இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். "ஆதாரம் நான்தான் மேடம். அதக் கட்டினது நான்."

சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு எழுந்தார். தலைவி கையைக் காட்டியதும் மறுபடி உட்கார்ந்தார்.

பிறகு அவள் சொன்னாள். ஸ்பிரிங் தளர்ந்தது, மெக்கானிக் மூன்று சீட்டு எழுதியது, சூப்பர்வைசர் அடக்குங்கப்பா என்று கத்தியது, தான் நாடா கிழித்துக் கட்டியது, அவர் பலே என்றது. சொல்லச் சொல்ல இளைஞர் எழுதினார். கண்ணும் இல்லை, காதும் இல்லை. எந்த இடத்திலும் அவள் நிறுத்திக் கேட்பவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இதனால உங்க வேலை போகலாம், தெரியுமா?" என்றார் தலைவி.

"தெரியும் மேடம். நாலு பக்கத்துல இது ஒண்ணுதான் விட்டுப்போச்சு. இதையும் சேர்த்து இங்கிலீஷ்ல மாத்திக் குடுங்க, அதுல கையெழுத்துப் போடறேன்."

தலைவி சுருக்கத் தாளை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்து, கவிழ்த்து வைத்தார். "மெக்கானிக்கை வரச் சொல்லுங்க" என்றார் இளைஞரிடம். "அந்த மூணு சீட்டோட நகலையும்."

வெளியே வந்தபோது மணி பதினொன்று. அவளுக்குப் பசித்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் பசித்தது. முதலில் கண்ணில் பட்ட கடையில் ரொட்டி வாங்கி நின்றுகொண்டே தின்றாள். தின்று முடித்ததும் மறுபடி பயம் வந்தது. வேலை போனால் மகள் படிப்பு என்ன ஆகும், ஒல்லியின் அண்ணன் வீட்டு வாசலில் வந்து சண்டை பிடிப்பானோ, இப்படி ஒவ்வொன்றாக. நடந்துகொண்டே பயந்தாள். ஆனால் அந்தப் பயத்தை வெளியில் சொல்ல முடிந்தது. கணவரிடம் சொன்னாள், மகளிடம்கூடச் சொன்னாள்.

முடிவு வர ஐந்து வாரம் ஆயிற்று. மெக்கானிக் மூன்று சீட்டின் நகலையும் பத்திரமாக வைத்திருந்தார். கேட்க ஆளில்லாமல்தான் காட்டவில்லை என்றார். விபத்துக்குக் காரணம் பழுதான காவல் கம்பி என்று எழுதினார்கள். ஒல்லியின் பெயரில் கவனக்குறைவு என்ற சொல் எங்கும் இல்லை. சூப்பர்வைசரை ஆள் மேய்க்கிற வேலையிலிருந்து எடுத்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். ரேடியோவுக்கு இரண்டு மாதப் பணியிடைநீக்கம். அதன்பிறகு சுத்தமான துணி பக்கம் வரக்கூடாது, அழுக்குத் துணி பிரிக்கிற பக்கம்தான் என்று உத்தரவு. இதைவிட மோசமாக எதிர்பார்த்திருந்தாள். கணவர் அந்த இரண்டு மாதமும் கூடுதலாக இருக்கை உறை தைத்தார். ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. ஒரே ஒருநாள், "சும்மா இருந்திருந்தா இந்நேரம் தூங்கியிருப்பேன்" என்றார். உடனே அவரே, "நீ தூங்கியிருக்க மாட்டே" என்று சேர்த்துக்கொண்டார்.

திரும்ப வேலைக்குப் போனபோது சிலர் பேசினார்கள், சிலர் பேசவில்லை. பாம்பு பறக்குமே என்று கேட்டவள், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "முந்தாநாள் லிப்டுல மாட்டிக்கிட்டியாமே, எப்படின்னு சொல்லேன்" என்றாள். ரேடியோ, "மாட்டிக்கிட்டேன், வெளிய வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். "அடிப்பாவி, இவ்வளவுதானா!" என்று அவள் ஏமாந்துபோனாள்.

ஒல்லி சலவைக்கூடத்துக்குத் திரும்பவில்லை. ஒரு வாடகைக்கார் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ரேடியோ மூன்று முறை அந்த மாடிப்படிவரை போய்த் திரும்பினாள். நாலாவது முறை போகவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பேருந்தில் இவள் ஏறியபோது ஒல்லி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அவள் பை இருந்தது. இவளைப் பார்த்துவிட்டாள். ஒரு நிமிடம் வெளியே பார்த்தாள். பிறகு இடது கையால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரேடியோ உட்கார்ந்தாள்.

"உன் மக பரீட்சை எழுதிட்டாளா?" என்றாள் ஒல்லி.

"எழுதிட்டா. பரவாயில்லன்னு சொல்றா."

"எந்தப் பாடம் கஷ்டம்னா?"

"கணக்குதான்."

"எனக்கும் அதுதான்."

அப்படியே ஏழெட்டு நிறுத்தம் பேசிக்கொண்டு போனார்கள். மழை, அண்ணி, வாடகைக்காரில் பூனையை ஏற்ற மாட்டேன் என்று அடம்பிடித்த ஓட்டுநர். கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தன் நிறுத்தம் வந்ததும் ஒல்லி எழுந்தாள். "வர்றேன்" என்றும் சொல்லவில்லை, "வா" என்றும் சொல்லவில்லை. இறங்கிக் குடையை விரித்தாள். இடது கையால் விரிக்கச் சற்று நேரம் பிடித்தது. பேருந்து கிளம்பும்வரை ரேடியோ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.